51.2 வோல்ட் லித்தியம் பேக்: ஒரே ஒரு செல் முந்துகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். சோலார் இன்வெர்ட்டரில் ஓடும் 16 செல், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி பேக். சார்ஜ் முடியும் நேரத்தில் 7ஆவது செல் மட்டும் 3.65 வோல்ட்டைத் தொட்டுவிடுகிறது, உடனே பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டு போர்டு) கட் ஆகிறது. மற்றவை 3.38இலேயே நிற்கின்றன. டிஸ்சார்ஜில் அதே செல்தான் கடைசியாக இறங்குகிறது. ஆகவே செல் செத்துவிட்டதாகத் தோன்றவில்லை, சார்ஜ்தான் ஏறிக் கிடக்கிறது. 40 ஆம்பியர் லோடில் செல்களை இணைக்கும் ஒவ்வொரு பஸ்பாருக்கும் (உலோகப் பட்டைக்கும்) குறுக்கே மில்லிவோல்ட் அளந்தாயிற்று, எல்லாம் ஒரே அளவு; இணைப்பில் கோளாறு தெரியவில்லை.

பிஎம்எஸ் பேலன்சிங் (செல்களின் சார்ஜைச் சமன் செய்வது) வெறும் 60 மில்லிஆம்பியர். 5 ஏஎச் வித்தியாசத்துக்கே 80 மணி நேரம் தாண்டும், அதுவும் 3.4 வோல்ட்டுக்கு மேல்தான் வேலை செய்யும். பேருக்கு ஒன்று!

அந்தச் செல்லில் மட்டும் 1 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் போட்டு இறக்கலாமா? அல்லது 3.4க்கு மேல் மட்டும் ஆன் ஆகும் 2 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் (ஏறிய செல்லின் சார்ஜை மற்றவற்றுக்கு மாற்றும் கருவி) நல்லதா? பேக்கைப் பிரிக்காமல் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்.