கிளவுட் கிச்சன் செட்டப்: 3 லட்சத்தில் முடியுமா?

வணக்கம் நண்பர்களே. கோவை சரவணம்பட்டியில் 12க்கு 18 அடி கடை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது, ஸ்விகி, சொமேட்டோ ஆர்டர் மட்டும்தான். சமையல் அம்மாவும் அக்காவும். அட்வான்ஸ் போக கையில் 3 லட்சம், அதிலேயே மூன்று மாத வாடகையும் ஒதுக்கணும்.

பெரிய கவலை எக்ஸாஸ்ட்தான், அதாவது புகையை வெளியேற்றுவது. மேலே குடியிருக்கிறார்கள். மிளகாய் தாளிக்கிற நெடி அவர்கள் ஜன்னலுக்குப் போகாதபடி டக்டை (புகைக் குழாயை) மொட்டைமாடி வரைக்கும் ஏற்றணும். ஹூட் (அடுப்புக்கு மேலே புகையைப் பிடிக்கிற கூடு), டக்ட், புளோயர் (புகையை இழுக்கிற விசிறி) சேர்த்து எவ்வளவு ஆகும்?

அடுப்பு, ஸ்டீல் டேபிள், சிங்க் பழையதே போதும். ஃப்ரீசரை மட்டும் புதிதாக எடுக்கலாம் என்று நினைக்கிறேன். கம்ப்ரஸர் போனால் உள்ளே இருப்பதெல்லாம் வீண். டைல்ஸ், பிளம்பிங் நாளைக்குக் கழற்றிக்கொண்டு போகிற பொருளில்லை. அந்தச் செலவை வாடகையில் கழிக்க ஓனரிடம் கேட்டு யாராவது அக்ரிமெண்டில் எழுதியிருக்கிறீர்களா? செய்தவர்கள் சொல்லுங்கள், இந்த வாரம் கையெழுத்துப் போடணும்.