நிலவறையில் எதிர்ப்பட்டவை: ஒவ்வொருவரும் ஒரு மோதலை மட்டும் எழுதுங்கள்

தொடக்கப் பதிவு

பழைய நிலவறைக் கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு விரைவிலேயே ஆயுதப் பட்டியலாகவும் மந்திரப் பட்டியலாகவும் மாறிவிடுகிறது. ஆகவே இந்த இழைக்கு ஒரே ஒரு விதியை வைக்கிறேன். அடுத்த கட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஓரடி எடுத்து வைத்தபோது எதிரே என்ன வந்தது, அதன்பின் என்ன ஆயிற்று என்பதை மட்டும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

இது 1981இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்த முதல் ‘விசார்ட்ரி’யில் நடந்தது. திரையின் மூலையில் ஒரு சிறு சதுரம், அதற்குள் கோடுகளால் மட்டுமே வரையப்பட்ட நடைவழி, கீழே நம் குழுவினர் ஆறு பேரின் பெயர்கள்: கண்ணுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். தளத்துக்கு 20-க்கு 20 கட்டங்கள் வீதம் பத்துத் தளங்கள் இருந்தும், விளையாட்டு நமக்காக ஒரு கட்டத்தைக்கூட வரைந்து தராது என்பதால், கிராஃப் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே போக வேண்டும். கதவுகளைக்கூட உதைத்துத்தான் திறக்க வேண்டும்.

அப்படி ஐந்தாம் தளத்தில் ஒரு கதவை உதைத்தேன். அங்கி அணிந்த மனிதர்கள் நால்வர் எதிரே நிற்பதாகத் திரை சொன்னது. இந்த விளையாட்டில் எதிரி யார் என்பது உடனே தெரியாது; மங்கலான ஓர் அடையாளம் மட்டும் காட்டப்பட்டு, நம் குழுவில் யாராவது இனங்கண்ட பிறகே உண்மைப் பெயர் வெளிப்படும். அங்கி அணிந்தவர் முதல் தளத்தில் திரியும் கற்றுக்குட்டி மந்திரவாதியாகவும் இருக்கலாம், நம்மை ஓரிரு சுற்றுகளில் எரித்து முடிப்பவராகவும் இருக்கலாம். நான் முன்னதை நம்பினேன். முதல் சுற்றில் வந்த ‘கட்டினோ’ மந்திரத்தில் முன்வரிசைப் போர்வீரர் மூவரும் உறங்கிவிட்டார்கள். அடுத்து வந்த ‘மஹாலிட்டோ’ நெருப்பில் பின்வரிசையில் நின்ற திருடனும் மந்திரவாதியும் மாண்டார்கள். கடைசியாக நின்ற பூசாரி நான்காம் சுற்றைப் பார்க்கவில்லை. கணினியின் வட்டு இயக்கி கரகரவென்று ஓடியது. அந்த ஓசை என்ன சொல்கிறது என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்: இறப்பு அப்போதே வட்டில் எழுதப்பட்டாயிற்று.

உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இறந்தவர்களின் உடல்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஊரில் புதிதாக ஆள் சேர்த்து, பழக்கி, அதே கட்டத்துக்கு அனுப்பித் தூக்கி வரலாம். ஆனால் ஒரு குழுவில் ஆறு பேருக்குத்தான் இடம் உண்டு, பிணமும் ஓர் இடத்தைப் பிடிக்கும். நால்வரை அனுப்பினால் இரண்டு உடல்கள்தான் திரும்பும். நான்கு உடல்கள் வேண்டுமென்றால், ஆறு பேராகப் போயே பிழைக்காத தளத்துக்கு இரண்டே பேர் போய் வர வேண்டும். இந்தக் கணக்கை நான் இரண்டு மாலைகள் போட்டுப் பார்த்தேன். முடிவில் மூவரைப் பழக்கி அனுப்பி, பூசாரி, மந்திரவாதி, ஒரு போர்வீரர் என மூன்று உடல்களைக் கொண்டுவந்தேன். கோயிலில் காணிக்கை கட்டியதும் முதல் இருவரும் எழுந்தார்கள். போர்வீரர் சாம்பலானார். கையிலிருந்த பொன்னையெல்லாம் கொட்டி மறுபடியும் முயன்றபோது அந்தச் சாம்பலும் இல்லாமல் போயிற்று, அவருடைய பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது. திருடனும் மற்ற இரு போர்வீரர்களும் ஐந்தாம் தளத்திலேயே கிடந்தார்கள்.

மறுமொழி 1

எனக்கும் அதே விளையாட்டுதான், ஆனால் என்னைக் கெடுத்தது எதிரியல்ல, நட்பு. சில வேளைகளில் எதிரே வருபவர்கள் வாளை உருவாமல் வணக்கம் சொல்லி வரவேற்பார்கள். சண்டையிடுவதா, அமைதியாக விலகிப் போவதா என்று விளையாட்டு கேட்கும். என் குழுவினர் அனைவரும் நன்னெறியாளர்கள். அனுபவப் புள்ளிகளுக்கு ஆசைப்பட்டு, வணக்கம் சொன்னவர்களை இரண்டு மூன்று முறை வெட்டிச் சாய்த்தேன். ஊருக்குத் திரும்பி, மறுநாள் மதுக்கடையில் குழுவை மீண்டும் சேர்க்கப் போனபோது, இருவர் தீநெறிக்கு மாறியிருந்ததைக் கண்டேன். நன்னெறியாளரும் தீநெறியாளரும் அங்கே ஒரே குழுவில் சேர முடியாது. ஐந்து வாரங்களாகத் தோளோடு தோள் நின்றவர்கள் ஒரே கடைக்குள் இரண்டு கூட்டங்களாக நின்றார்கள். குற்றம் முழுவதும் என்னுடையதுதான் என்பதால் யாரையும் நொந்துகொள்ளவும் வழியில்லை.

மறுமொழி 2

பெரிய எதிரிகளைப் பற்றி எல்லோரும் எழுதுவீர்கள். என் குழுவின் தலைவரைக் கொன்றது ஒரு முயல். விசார்ட்ரியில் ‘வோர்பல் பன்னி’ என்றொரு பிராணி உண்டு, ஒரே கடியில் தலையைத் துண்டித்துவிடும். எவ்வளவு உயிர்ப்புள்ளிகள் மீதமிருந்தாலும் அது கணக்கில் வராது. நான் சிரித்துக்கொண்டே சண்டைக்கு ஒப்புக்கொண்டேன்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், விதியை மீறுவதாக யாரும் எண்ண வேண்டாம். சண்டைக்குப் பின் கிடைக்கும் பெட்டிகளில் பொறி இருக்கும். திருடன் அதை ஆராய்ந்து இன்ன பொறி என்று சொல்வார். அதை நீக்க, பழைய பதிப்பில் அந்தப் பொறியின் பெயரை நாமே எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும். மந்திரங்களுக்கும் அப்படியே. அரக்கனைக் கண்டு நடுங்காத விரல்கள் அந்த இடத்தில் நடுங்கும்.

மறுமொழி 3

மேலே எழுதியவர்களின் விளையாட்டில் நீங்கள் விசையை அழுத்தும்வரை எதிரி காத்திருக்கும். 1987இல் அடாரி எஸ்டி கணினிக்கு எஃப்டிஎல் நிறுவனம் வெளியிட்ட ‘டஞ்சன் மாஸ்டர்’ அந்தச் சலுகையைப் பறித்துக்கொண்டது. அதில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். தீப்பந்தம் மங்க மங்கத் திரையும் இருண்டுகொண்டே போகும். குழுவினருக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும். உறங்கவிட்டால் திரை கருமையாகிவிடும், எதிரியின் அடி விழும்போதுதான் விழிப்போம். கண்ணாடிகளில் சிறைப்பட்டிருக்கும் இருபத்து நான்கு வீரர்களிலிருந்து நால்வரைத் தேர்ந்தெடுக்கலாம். நான் ஹால்க், சைரா, டிக்கி, ஸ்டாம் ஆகியோரை அழைத்துக்கொண்டேன்.

இதில் கதவே ஓர் ஆயுதம். எதிரி வாசலுக்கு நடுவே நிற்கும்போது பொத்தானை அழுத்தினால், மேலிருந்து இறங்கும் கதவு அதன் தலையில் இடித்து எழும், மறுபடி இடிக்கும். இந்தத் தந்திரத்தைக் கற்றுக்கொண்ட மகிழ்ச்சியில் ஒரு மம்மியை வாசலுக்கு இழுத்து வந்தேன். பொத்தானை ஒரு நொடி முந்தி அழுத்திவிட்டதால், அது வாசலுக்கு வருமுன் மரக்கதவு முழுவதும் இறங்கி மூடிக்கொண்டது. அதுவரை எல்லாம் நன்மைக்கே. மூச்சு வாங்கிக்கொள்ளலாம், திரும்பிப் போகலாம், பசிக்கு எதையாவது கொடுக்கலாம். ஆனால் சண்டைக்கென்று முன்கூட்டியே ‘ஃபுல்’, ‘இர்’ என்ற எழுத்துக்குறிகளை அடுக்கித் தீக்கோளத்தை ஆயத்தமாக வைத்திருந்த என் கை, பதற்றத்தில் அதை ஏவிவிட்டது. அந்த விளையாட்டில் தீக்கோளம் மரக்கதவை உடைத்துவிடும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. மம்மி இருந்த இடத்தில் மம்மி அப்படியே இருந்தது.

அங்கே உங்கள் முதல் எதிரி உங்கள் சொந்தக் கைதான் என்பது என் கருத்து. எத்தனையோ விளையாட்டுகள் ஆடிவிட்டேன், அந்தக் கதவைப்போல் எதுவும் என்னை வெட்கப்படுத்தவில்லை.

மறுமொழி 4

சுருக்கமாக எழுதுகிறேன். 1985இல் வந்த ‘பார்ட்ஸ் டேல்’, ஹார்கின் கோட்டை. நான்கு அணிகளாக, அணிக்கு 99 பெர்சர்க்கர்கள், அதாவது வெறிகொண்டு போரிடும் வீரர்கள். திரையில் 99 என்ற எண் நான்கு முறை ஒன்றின்கீழ் ஒன்றாக வந்தபோது நிரலில் ஏதோ பிழை என்றே நினைத்தேன். பிழையன்று, 396 பேரும் உண்மையாகவே இருந்தார்கள்.

மறுமொழி 5

நான் இந்த வகைக்குள் நுழைந்ததே 2012இல் வந்த ‘லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்’ வழியாகத்தான். அதில் வரைபடம் தானாகவே உருவாகும். வேண்டாமென்றால் தொடக்கத்திலேயே அணைத்துவிடலாம். இங்கே எழுதுபவர்களைப் போன்ற பெரியவர்களின் பேச்சைக் கேட்டு அணைத்துவிட்டேன். எதிரியைப் பக்கவாட்டில் சுற்றிச் சுற்றி வந்து, அது திரும்புவதற்குள் வெட்டிவிட்டு நகரும் நடையில் எனக்குக் கொஞ்சம் தேர்ச்சி உண்டு. ஒரு நாள் அப்படிச் சுற்றும்போது, வரையாத ஒரு கட்டத்துக்குள் பின்பக்கமாகக் கால் வைத்தேன். பள்ளம். கீழ்த்தளத்தில் விழுந்தேன், அங்கும் யாரோ இருந்தார்கள். தொடக்கப் பதிவிட்டவரிடம் ஒரு கேள்வி: அந்தத் திருடன் என்ன ஆனார்?

தொடக்கப் பதிவிட்டவரின் பதில்

கேட்டதற்கு நன்றி. நான்கு மாதங்கள் கழித்துத்தான் மீண்டும் போக முடிந்தது. என் வரைபடத்தில் குறித்திருந்த கட்டத்தில் உடல் எதுவும் இல்லை. உடல் கிடக்கும் பகுதியைச் சொல்லும் ‘கான்டி’ மந்திரத்தைப் புதிய பூசாரி சொன்னபோது, நான் தேடிக்கொண்டிருந்தது முற்றிலும் எதிர்ப்புறத்தில் என்பது தெரிந்தது. மிதித்தவரைச் சத்தமின்றித் திருப்பிவிடும் சுழல்கட்டம் ஒன்றை முதல் பயணத்தில் கவனிக்காமல், அதன்பின் வரைந்த பாதி வரைபடத்தையும் தலைகீழாக வரைந்திருக்கிறேன். அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்தது. ஆனாலும் மூவரையும் தூக்கி வந்தேன். கோயிலில் திருடன் முதல் முயற்சியிலேயே எழுந்தார்.

அன்றே கீழே அழைத்துப் போனேன். முதல் பெட்டியை ஆராய்ந்து, உள்ளே இருப்பது டெலிபோர்ட்டர் பொறி என்று அவர் சரியாகவே சொன்னார். தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்தை விட்டது நான். குழு வேறெங்கோ போய் நின்றது. எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்லக்கூடிய ‘டுமாபிக்’ மந்திரத்தைத் தட்டச்சு செய்தேன், இந்த முறை எழுத்துப் பிழையில்லாமல். மந்திரவாதியிடம் அது தீர்ந்திருந்தது.