பழைய கணினிகளில் எந்த லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) போடலாம்? படிப்பகத்துக்காகக் கேட்கிறேன்

மலர்விழி:
எங்கள் படிப்பகத்துக்குப் பழைய கணினிகள் கொஞ்சம் நன்கொடையாக வந்திருக்கின்றன. எல்லாம் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு எதிலும் இல்லை. பெரும்பாலும் 4 ஜிபி ராம், சிலதில் 2 ஜிபி. இரண்டு மட்டும் 32 பிட் (பழைய வகை ப்ராசசர்) என்று கொடுத்தவர் சொன்னார். பிள்ளைகள் பாடம் பார்க்கணும், பெரியவர்கள் இணையத்தில் விண்ணப்பம் போடணும். என்ன போடலாம்?

எளியவன்:
எல்லாவற்றிலும் ஆன்டிஎக்ஸ் என்ற இலகுவான லினக்ஸ் போடுங்க. கனமான டெஸ்க்டாப் கிடையாது, ஐஸ்டபிள்யூஎம் என்ற எளிய சாளர மேலாளரை வைத்து ஓடும். ஆன்டிஎக்ஸ் 23-க்கு 32 பிட் பதிப்பும் உண்டு. ஒரு மெஷின்கூட வீணாகாது.

நிலவன்:
எளியவன் அண்ணா, பூட் ஆனதும் எவ்வளவு ராம் பிடிக்குது என்பதையே பார்க்கிறீங்க. பயர்பாக்ஸில் நாலு டேப் திறந்தால் அந்த மிச்சம் எங்கே போகுதுன்னே தெரியாது. அதோடு 32 பிட்டுக்கு எதிர்காலமே இல்லை. குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது, பயர்பாக்ஸ் 144-ஓடு நிறுத்திக்கொண்டது, ஆன்டிஎக்ஸுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் 13-ஆம் பதிப்பில் 32 பிட் நிறுவியே கிடையாது. மக்கள் கடவுச்சொல்லும் வங்கி விவரமும் அடிக்கிற பெட்டியில் அப்டேட் வராத பிரவுசரா? அதை நான் ஒத்துக்கவே மாட்டேன். 32 பிட் பெட்டியில் ஜிகாம்ப்ரிஸ் என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பைப் போட்டு, இணைய இணைப்பு இல்லாமல் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுங்க.

மற்றதில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), மேலே லினக்ஸ் மின்ட் 22, அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. 2029 வரை அப்டேட் வரும். ஒன்றில் சரியாக அமைத்து, குளோன்சில்லா என்ற வட்டு நகலெடுக்கும் கருவியால் மற்றதுக்கெல்லாம் படியெடுத்துடலாம்.

மலர், 32 பிட் என்ற பேச்சை அப்படியே நம்பாதீங்க. 64 பிட் ப்ராசசரில் 32 பிட் விண்டோஸ் போட்டிருப்பது சகஜம். லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) பூட் செய்து, டெர்மினலில் எல்எஸ்சிபியு (lscpu) கட்டளை கொடுத்தால் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

எளியவன்:
எஸ்எஸ்டி வாங்கக் காசு யார் தருவார், தம்பி? நன்கொடையில் ஓடுகிற இடம். 2 ஜிபியில் மின்ட் திணறும். ஆன்டிஎக்ஸோடு இசட்ராம் (zram) என்ற வசதியை இயக்கினால் ராமில் இருப்பதைச் சுருக்கி வைக்கும், ஒரு பாட வீடியோ ஓடும். அது போதாதா?

நிலவன்:
ஓடும், மறுக்கலை. ஆனால் வைஃபை துண்டித்தால், பிரிண்டர் காணாமல் போனால் யார் பார்ப்பார்? நிறுவிய தன்னார்வலர் தினமும் வரமாட்டார். பொறுப்பாளர் அக்காவுக்கு எல்லாப் பெட்டியிலும் மெனு ஒரே இடத்தில் இருக்கணும். ஐஸ்டபிள்யூஎம் உங்களுக்கும் எனக்கும் பழக்கம், அவங்களுக்கு இல்லை.

தமிழரசு:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுட்டீங்க. வேலைக்குப் போகிற பையன் எம்எஸ் ஆபீஸ்தான் கற்கணும். லிப்ரேஆபீஸில் திறந்தால் அட்டவணை கலைகிறது.

நிலவன்:
கலைவது பெரும்பாலும் அந்த ஃபான்ட் நம்ம மெஷினில் இல்லாததால். காலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா போட்டால் எழுத்தின் அகலம் ஒத்துப்போகும், வரி நகராது. மேக்ரோ (தானியங்கிக் கட்டளைகள்) உள்ள எக்செல் கோப்பு கஷ்டம்தான், அது உண்மை.

மலர்விழி:
நன்றி. பார்த்துட்டேன், இரண்டில் ஒன்று 64 பிட். இன்னொரு மெஷினில் எந்தத் தளம் திறந்தாலும் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்கிறது. ஏன்?

எளியவன்:
மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும். தேதி பல வருஷம் பின்னால் போனால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லாது. பட்டன் பேட்டரியை மாற்றிட்டு பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்பு) தேதி வையுங்க.

நிலவன்:
விருந்தினர் கணக்கையும் இயக்குங்க. வெளியேறினதும் ஒருவர் போட்ட கடவுச்சொல், இறக்கிய கோப்பு எல்லாம் அழியும். தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் சேர்ந்தே அழியும், அதனால் விருந்தினர் கணக்குக்கான மாதிரிக் கோப்புறையில் அதை முதலிலேயே வைத்துவிடுங்க. 2 ஜிபி மெஷின் இரண்டின் ராமைச் சேர்த்து ஒன்றாக்கலாம். டிடிஆர்2 வகை ராமும் டிடிஆர்3 வகை ராமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, பார்த்துப் போடுங்க.

எளியவன்:
அப்போ ஒரு பிள்ளைக்கு இருக்கை குறையும். அதுக்குத்தான் இவ்வளவு நேரம் வாதாடுறேன்.

மலர்விழி:
மாலையில் வரிசை நிற்குது அண்ணா, நீங்க சொல்றதும் சரி. 2 ஜிபி மெஷின் ஒன்றில் ஆன்டிஎக்ஸ் போட்டுப் பொறுப்பாளர் அக்காவையே ஓட்டச் சொல்றேன். அவங்களுக்குக் கைவந்தால் இரண்டு மெஷினையும் வைத்துக்கொள்றோம், இல்லையென்றால் ராமைச் சேர்த்துடுறோம்.