நூறு பேர் கிளாஸ்ல போன்ல ஓட்டுப் போடச் சொல்றது: பலன் இருக்கா இல்லையா?

தேயிலைமேடு:
ஊட்டில ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கறேன். அலைட் பேப்பருக்கு ரெண்டு டிபார்ட்மென்ட் பசங்களையும் ஒண்ணா செமினார் ஹால்ல உக்கார வச்சிடறாங்க, நூறு பேருக்கு மேல, மைக் இல்லேன்னா கடைசி வரிசைக்குக் கேக்காது. "புரிஞ்சுதா"ன்னு கேட்டா மொத்தமா "புரிஞ்சுது சார்"னு வரும், இன்டர்னல் பேப்பர் திருத்தும்போதுதான் எது புரியலன்னு தெரியும். அதனால இந்த செமஸ்டர்ல இருந்து மென்டிமீட்டர்ங்கற ஓட்டுப் போடற ஆப்ல கேள்வி போட்டு அவங்கவங்க போன்லயே பதில் அழுத்தச் சொல்றேன்.

போன வாரம் போட்ட கேள்வி: திறந்த பாத்திரத்துல தண்ணி தளதளன்னு கொதிக்குது, தீயை இன்னும் கூட்டினா அரிசி சீக்கிரம் வேகுமா? பாதிக்கு மேல "வேகும்"னு அழுத்திட்டாங்க. யார் எதை அழுத்தினாங்கன்னு காட்டல, பார் சார்ட் மட்டும்தான் ஸ்கிரீன்ல. விடையைச் சொல்லாம "பக்கத்துல இருக்கறவங்கள உங்க பதிலுக்கு ஒத்துக்க வைங்க"ன்னு விட்டேன். மூணாவது வரிசைல ஒரு பொண்ணு "அப்போ எங்கம்மா எதுக்குடி குக்கர் வைக்கறாங்க, தீயைக் கூட்டிட்டா போதும்ல"ன்னு கேட்டது எனக்கே கேட்டுச்சு. நம்ம ஊரு 2240 மீட்டர் உயரம், தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிடும், தீயைக் கூட்டினா ஆவிதான் வேகமா போகும், சூடு ஏறாது, மூடி அழுத்தம் குடுத்தாத்தான் ஏறும். இதை நான் வாயைத் திறந்து சொல்றதுக்குள்ளயே ரெண்டாவது ஓட்டுல பெரும்பாலானவங்க மாறிட்டாங்க. எல்லா டிபார்ட்மென்ட்லயும் இதைக் கொண்டுவரணும்ங்கறேன். எதிர்ப்பு இருந்தா சொல்லுங்க.

சாக்பீஸ்:
எதிர்ப்பு இருக்கு சார். கொடைக்கானல்ல ரிட்டயர் ஆகற வரைக்கும் பெரிய கிளாஸ்தான் எடுத்தேன். நீங்க சொன்ன கேள்வி அருமை, அதுல எனக்கு சண்டையே இல்ல. ஆனா அந்தக் கேள்விக்கு போன் எதுக்கு? பதில் அழுத்த அரை நிமிஷம், அதுக்கப்புறம் அந்த போன் எங்க போகும், இன்ஸ்டாவுக்குத்தான். 2013ல கனடாவுல பண்ண ஆய்வு ஒண்ணு இருக்கு, கிளாஸ்ல லேப்டாப்ல வேற வேலை பாத்தவனுக்கு மட்டும் இல்ல, அவன் ஸ்கிரீன் கண்ணுல படற மாதிரி உக்காந்தவனுக்கும் மார்க் குறைஞ்சுது. ஒழுங்கா கவனிக்க வந்த பிள்ளையையும் சேத்துக் கெடுக்கறோம்.

பந்தலூர் மழை:
நான் ஸ்டூடன்ட், பொண்ணு. சார் ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க, ஜூலைல கூடலூர் பக்கம் மழை புடிச்சா மரம் விழுந்து கரன்ட் போயிடும், டவரும் அதோட போயிடும், அன்னைக்கு எந்த ஆப்? எங்க கிளாஸ்ல வீட்டுக்கே ஒரு போன்தான், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாருங்கற பிள்ளைங்க இருக்காங்க. ஒரு மேடம் அந்த ஓட்டையே அட்டென்டன்ஸா எடுத்துக்கிட்டாங்க. போன் இல்லாதவ முதல் பெஞ்சுல உக்காந்து கேட்டுட்டு இருந்தா, அவளுக்கு ஆப்சென்ட் விழுந்துடுச்சு. அவ அழுதது எனக்கு இன்னும் ஆறல.

தேயிலைமேடு:
அது ரொம்ப தப்பும்மா. அட்டென்டன்ஸையோ மார்க்கையோ இதோட கட்டவே கூடாது, கட்டின அன்னைக்கே பசங்க யோசிக்கறதை விட்டுட்டு எது சரியான பட்டன்னு எட்டிப் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. போன் இல்லாதவங்களுக்கு ப்ளிக்கர்ஸ்னு ஒண்ணு இருக்கு. பேப்பர்ல அச்சடிச்ச கட்டம் போட்ட அட்டை, எந்தப் பக்கத்தை மேல வச்சுப் புடிக்கறீங்களோ அதுதான் உங்க விடை, வாத்தியார் மட்டும் தன் போன் கேமராவால ஹாலை ஒரு சுத்து காட்டினா எல்லாரோட பதிலும் ஏறிடும். ஒவ்வொரு அட்டைலயும் கட்டம் வேற மாதிரி இருக்கறதால பக்கத்துல இருக்கறவங்க பாத்து எழுத முடியாது.

சாக்பீஸ்:
அந்த அட்டை ஒரு செட்டுக்கு 63 தான் சார். உங்க நூறு பேருக்கு எப்படி? கேமராவுக்கு கடைசி வரிசை அட்டை தெரியணும், மதியம் மூணு மணிக்கு மூடுபனி எறங்கி ஹாலே இருட்டாகும்போது எங்க தெரியும்.

குன்னூர் பெஞ்ச்:
ரெண்டு பேருக்கும் நடுவுல வர்றேன். ஓட்டுப் போட்டு, பக்கத்துல பேசி, திரும்ப ஓட்டுப் போடற இந்த முறையை ஹார்வர்ட்ல எரிக் மசூர்ங்கற பிசிக்ஸ் புரொபசர் 1991ல ஆரம்பிச்சார், முதல்ல கிளிக்கர் (பதில் அழுத்தற சின்ன ரிமோட்) எல்லாம் கிடையாது, கையைத் தூக்கறதும் அட்டை காட்டறதும்தான். அவங்க கணக்கு, முதல் ஓட்டுல 30ல இருந்து 70 சதவீதம் சரியா இருந்தாத்தான் பேச விடணும், அதுக்குக் கீழ இருந்தா திரும்ப நடத்தணும், மேல இருந்தா அடுத்ததுக்குப் போயிடணும். 2008ல கனடா காலேஜ் ஒண்ணுல ஒரு குரூப்புக்கு கிளிக்கர், ஒரு குரூப்புக்கு சாதா அட்டைன்னு வச்சுப் பாத்தாங்க, படிப்புல வித்தியாசம் வரல. பலன் தர்றது கேள்வியும் பேச்சும்தான். மெஷின் எண்ணிக் குடுக்குது, அவ்வளவுதான்.

சாக்பீஸ்:
நான் சொல்றதும் அதேதான் தம்பி.

தேயிலைமேடு:
அவ்வளவு சுலபமா விட மாட்டேன் சார். கையைத் தூக்கச் சொன்னா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும், முதல் வரிசைல நல்லா படிக்கற பையன் எதுக்குத் தூக்கறான்னு பாத்துட்டு ஹாலே தூக்கும். தமிழ் மீடியத்துல படிச்சுட்டு எஸ்டேட் லைன் வீட்ல இருந்து பஸ் புடிச்சு வர்ற பொண்ணு, தப்பாச் சொல்லிட்டா சிரிப்பாங்கன்னு கையையே தூக்க மாட்டா. பேர் தெரியாம அழுத்தலாம்னாத்தான் அவளும் ஒரு பதில் சொல்றா. எனக்கு அந்தப் பொண்ணுதான் முக்கியம்.

குன்னூர் மூணாம் வருஷம்:
சார் தப்பா எடுத்துக்காதீங்க, எங்களுக்கு ஓட்டுப் போடற கிளாஸ்ல ஒண்ணும் படிச்ச மாதிரியே இருக்காது, ஒரே கேள்வில இருபது நிமிஷம் போயிடும், நோட்ஸும் இருக்காது, யுனிவர்சிட்டி எக்ஸாம் பக்கத்துல வரும்போது பயமா இருக்கு. தெளிவா போர்டுல எழுதிப் போடற சார் கிளாஸ்லதான் மனசுக்கு நிம்மதி.

தேயிலைமேடு:
அந்த உணர்வு நிஜம்தான்ம்மா. 2019ல ஹார்வர்ட்ல பிசிக்ஸ் பசங்ககிட்டயே இதைச் சோதிச்சாங்க, தாங்களே முட்டி மோதி யோசிச்ச கிளாஸ்ல கம்மியா கத்துக்கிட்டதா பசங்க சொன்னாங்க, டெஸ்ட்ல பாத்தா அதுலதான் அதிகம் எடுத்திருந்தாங்க. தலையைக் கசக்கறது கத்துக்காத மாதிரி தோணும். 2014ல 225 ஆய்வை ஒண்ணா சேத்துப் பாத்ததுல, வெறும் லெக்சர் கிளாஸ்ல 34 சதவீதம் ஃபெயில், இந்த மாதிரி கிளாஸ்ல 22.

சாக்பீஸ்:
அதே ஆய்வுலதான் 50 பேருக்குள்ள இருக்கற கிளாஸ்ல பலன் அதிகம்னும் இருக்கு. அப்போ கேக்க வேண்டியது ஆப் இல்ல, ஆளு. நூறு பேரை ஒரு ஹால்ல அடைச்சுட்டு ஆப் இருக்குன்னு மேனேஜ்மென்ட் கைய கழுவிடும், காலிப் பணியிடம் அப்படியே கிடக்கும், கெஸ்ட் லெக்சரர் தலைலயே எல்லாம் விழும்.

தேயிலைமேடு:
பெரிய கிளாஸ்லயும் பலன் வந்திருக்கு சார், அளவுதான் கம்மி. செக்‌ஷன் பிரிக்கச் சொல்லி நீங்க எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். பிரியற வரைக்கும் இருக்கற நூறு பேருக்கு என்ன பண்றதுங்கறதுதான் என் கவலை.

பந்தலூர் மழை:
அப்போ எங்களுக்கு நாலு கலர் அட்டை போதும் சார், சொன்ன உடனே எல்லாரும் ஒரே நேரத்துல நெஞ்சுக்கு நேரா காட்டணும், அப்படின்னா முன்னாடி இருக்கறவங்களதும் தெரியாது, பின்னாடி இருக்கறவங்களதும் தெரியாது. கரன்ட் வேணாம், டவர் வேணாம்.

தேயிலைமேடு:
சரிம்மா, திங்கக்கிழமை கலர் அட்டைல எடுக்கறேன். ஆனா எண்ணி வச்சுக்க எனக்கு ஒரு வழி வேணும், எந்தக் கேள்வில விழுந்தாங்கன்னு அடுத்த வருஷம் பாக்கணும்ல.

சாக்பீஸ்:
ஹாலை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க சார், சாயங்காலம் உக்காந்து கலரை எண்ணிக்கலாம். கேள்விகளைத் தமிழ்லயும் எழுதிப் போடுங்க, என்கிட்ட இருக்கற தெர்மோடைனமிக்ஸ் கேள்விகளை நானும் அனுப்பறேன். போன் விஷயத்துல மட்டும் என் கருத்து மாறல.