‘இன்டக்ரேஷன்’: ஒருங்கிணைப்பா, கோப்பா, தொடுப்பா?

திருமங்கலம் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை எங்கள் பள்ளியில் பேச வருபவர் இந்தக் குழுவில் இருக்கும் நம் திருநகர் அம்மாதான். செயற்கைக்கோள் அசெம்பிளி, இன்டக்ரேஷன், டெஸ்டிங் குழுவுக்குத் தலைமை தாங்கி ஓய்வு பெற்றவர். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் வெள்ளி மாலைக்குள் வாசகம் கேட்கிறார். ‘விண்கல ஒருங்கிணைப்பாளர்’ என்று எழுதினேன். “விழா ஒருங்கிணைப்பாளருக்கு எதற்குப் பொன்னாடை?” என்கிறார் தலைமையாசிரியர். வேறு சொல் தாருங்கள்.

புதூர் மொழிபெயர்ப்பாளர்:
அசெம்பிளி ‘பொருத்துதல்’, டெஸ்டிங் ‘சோதனை’. இவற்றில் சண்டை இல்லை. நடுவில் இருக்கும் இன்டக்ரேஷன், அதாவது பொருத்திய பெட்டிகளை ஒரே கலமாக இயங்க வைப்பது, அதுதான் வம்பு. கணக்கில் அது ‘தொகையிடல்’, இங்கே உதவாது. ‘ஒருங்கிணைப்பு’ பழகிய சொல், இருக்கட்டுமே.

செல்லூர் தமிழாசிரியர் (ஓய்வு):
பழகியதெல்லாம் சரியாகிவிடுமா தம்பி? ‘கோத்தல்’ இருக்கிறது. கோவை, கோப்பு எல்லாம் அதன் பிள்ளைகள். (‘கோர்த்தல்’ என்று எழுதுவோர் கவனிக்க: இடையில் ரகர ஒற்றுக்கு வேலையே இல்லை. எத்தனை முறை சொல்வது!) ‘விண்கலக் கோப்பு’ என்று போடுங்கள்.

புதூர்:
ஐயா, கோப்பு என்றால் பிள்ளைகளுக்குத் தாலுகா ஆபீஸ் அலமாரிதான் ஞாபகம் வரும்.

மாட்டுத்தாவணி பூ வியாபாரி:
கோப்பது ஊசி வேலை. காம்பில் ஓட்டை விழும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மதுரை மல்லியை நாரில் வைத்துத் தொடுப்போம். அவிழ்த்தால் பூ பூவாகவே கைக்கு வரும். அதனால் ‘தொடுப்பு’.

திருமங்கலம்:
அண்ணே, பெற்றோர்களும் வருகிறார்கள். நம் ஊரில் ‘தொடுப்பு’க்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியாதா?

திருநகர்:
என்னை வைத்து இத்தனை கலாட்டாவா! ஆனால் அண்ணன் சொன்ன ‘அவிழ்த்தால்’ எனக்குப் பிடித்தது. கலத்தில் எதை மாட்டினாலும் கழற்ற வழி இருக்க வேண்டும். ஆனால் கம்பிகளை இணைக்கும் கனெக்டரை நினைத்தபடி கழற்றி மாட்ட முடியாது, பின்கள் தேயும். ஒருவர் செய்முறைத் தாளின் வரியை வாசிப்பார், ஒருவர் மாட்டுவார், இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடுவார். எத்தனையாவது முறை மாட்டுகிறோம் என்பதும் பதிவாகும்.

கலத்தின் மின்னணுப் பெட்டிகள் தனித்தனியாகச் சோதனையில் தேறித்தான் வரும். சேர்த்தபின்தான் கூத்து. ஒன்றின் மின் இரைச்சல் இன்னொன்றின் ரிசீவரில் கேட்கும். அதிர்வு மேடையில் ஆட்டிவிட்டு அளந்தால் முன்பிருந்த அளவு மாறியிருக்கும். வெற்றிடக் கலனில் சூடும் குளிருமாக மாற்றி மாற்றி வைத்தால் ஏதாவது ஒன்று செத்துப்போகும். அதெல்லாம் தரையிலேயே நடந்துவிட்டால் எங்களுக்கு நிம்மதி.

செல்லூர்:
அம்மா, இது அப்படியே புணர்ச்சி இலக்கணம்! இரைச்சல் தோன்றல், அளவு மாறுவது திரிதல், செத்தது கெடுதல். மரமும் வேரும் தனியே நன்றாகத்தான் இருந்தன. சேர்ந்ததும் மரவேர், மகரம் போயிற்று. என் கோத்தலை நானே விட்டுத் தருகிறேன். ‘புணர்ப்பு’!

திருமங்கலம்:
முதலில் தொடுப்பு, இப்போது புணர்ப்பு. ஐயா, கேட்கப்போவது ஒன்பதாம் வகுப்பு.

புதூர்:
இடையில் ஒன்று. 1981இல் ஏவிய இந்தியாவின் ‘ஆப்பிள்’ செயற்கைக்கோளை ஆன்டெனா சோதனைக்காக மாட்டுவண்டியில் ஏற்றினார்களே, சுற்றி உலோகம் குறுக்கிடக் கூடாதென்று. அந்தப் படத்தைப் பேனரில் போட்டால் சொல்லே வேண்டாம்.

மாட்டுத்தாவணி:
அது மரவண்டி. இப்போது வண்டிக்கும் டயர்.

திருநகர்:
மணி ஐந்து. ‘விண்கலப் பொருத்துதல், ஒருங்கிணைப்பு, சோதனைக் குழுத்தலைவர்’ என்று போட்டுவிடுங்கள். கூட ‘குழுத்தலைவர்’ வந்தால் விழா ஆள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

புதூர்:
சரி.

மாட்டுத்தாவணி:
சரி. பொன்னாடையோடு ஒரு மாலையும் என் செலவு. தொடுத்தது.

செல்லூர்:
எனக்குச் சம்மதமில்லை. பதிவாகட்டும். ‘குழுத்தலைவர்’, தகர ஒற்று முக்கியம்.

திருமங்கலம்:
ஒற்று சரியாக வந்துவிட்டது ஐயா. கடைக்காரர் அனுப்பிய மாதிரியில் ‘விண்களம்’ என்று இருக்கிறது. ஓடுகிறேன்.