உடம்பு பெருத்ததால் என்னென்ன வந்தது? மதுரைப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்க

காளவாசல் ஆட்டோ:
நானே ஆரம்பிக்கிறேன். நமக்கு ராத்திரிச் சவாரிதான். ஆரப்பாளையத்துக்கும் மாட்டுத்தாவணிக்கும் நடுவுல ஓட்டம். நம்ம ஊர்ல நடுச்சாமத்துலயும் கல்லு சூடாத்தான் இருக்கும். பசிச்சா பரோட்டா சால்னா, கண்ணு சொருகுனா சீனி தூக்கலா ஒரு டீ. பகல்ல ஜன்னலச் சாத்திட்டு அரைகுறைத் தூக்கம். கல்யாணத்துக்குத் தச்ச பேண்ட் தொடையத் தாண்டி ஏறாது.

அதுகூடப் பரவாயில்ல. "குறட்டை விட்டுக்கிட்டே இருக்கீக, திடீர்னு சத்தம் நின்னுபோகுது, உசுரு இருக்கான்னு தொட்டுப் பாக்குறேன்"னு வீட்ல புலம்ப ஆரம்பிச்சாங்க. எந்திரிச்சா தலைவலி. ஒருநாள் சிக்னல்ல நின்னவாக்குலயே கண்ணசந்துட்டேன். பின்னாடி இருந்த பெரியவர்தான் தோளத் தட்டி, "தம்பி, பச்சை விழுந்துருச்சு"ன்னார்.

ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா ஒயர ஒட்டித் தூங்க வச்சுச் சோதிச்சாங்க. கழுத்தச் சுத்தியும் நாக்கடியிலயும் சேர்ந்த கொழுப்பு, படுத்ததும் மூச்சுப்பாதைய நெருக்குதாம். ரத்தத்துல ஆக்ஸிஜன் இறங்குனதும் மூளை உலுக்கி எழுப்பும். காலையில நமக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. இந்தக் கூத்துலயே பிரஷரும் ஏறிருது. இன்னொரு வில்லங்கம்: தூக்கம் கெட்டா பசியக் கிளப்புற கிரெலின்ங்கிற ஹார்மோன் கூடும், போதும்னு சொல்ற லெப்டின் குறையும். அப்ப இன்னும் தின்னத் தோணும், இன்னும் எடை ஏறும். இப்ப மூக்குல மெஷின் மாட்டித்தான் படுக்கிறேன். பிள்ளைக பைலட்டுனு கூப்பிடுதுக.

வில்லாபுரம்:
பரோட்டாவ விடுங்கண்ணே, எல்லாம் சரியாப் போகும். ஜிகர்தண்டாவையும்தான்.

மேலூர் அம்மா:
எல்லாப் பழியையும் பரோட்டா மேல போடாதீங்க தம்பி. என் மக பத்தாவது படிக்கிறா. கடைத் தீனியே கிடையாது. ஆனா காலையில இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசைன்னு மூணு வேளையும் அரிசிதான், வெஞ்சனம் பேருக்கு. ஸ்கூலுக்கு வேன், வந்தா டியூஷன், அதுக்கப்புறம் போன். எங்க நடக்குறா?

பின்கழுத்து கன்னங்கரேல்னு ஆயிருச்சு. அவ அப்பத்தா அழுக்குன்னு சொல்லிப் பீர்க்கங்கா நாரால தேய் தேய்னு தேச்சதுல தோல்தான் புண்ணாச்சு. தோல் டாக்டரம்மா பாத்த உடனே, "இது அழுக்கு இல்லம்மா, இன்சுலின் கூடுதலாச் சுரக்குறதுக்கு அடையாளம்"னாங்க. கொழுப்பு கூடக் கூட உடம்பு இன்சுலின் பேச்சக் கேக்காது. கணையம் இன்னும் இன்னும் சுரந்து தள்ளும். அந்த இன்சுலின்தான் தோலத் தடிக்க வைக்குதாம். மாசாமாசம் வர வேண்டியதும் தள்ளிப்போகவும் ஸ்கேன் எடுத்தோம்; பிசிஓடி, அதான் சினைப்பை நீர்க்கட்டின்னு சொல்வாகளே, அது. சர்க்கரை இன்னும் வரல, வர வழி இருக்குன்னு சொல்லிருக்காங்க.

இதவிட வலி, சொந்தக்காரங்க வாய். ஒரு காதுகுத்துல, "என்னடி இப்படி ஊதிட்ட?"ன்னு சபையில கேட்டாக ஒரு சித்தி. "உங்களுக்கு இப்ப சுகர் எவ்வளவு சித்தி?"ன்னு நான் சத்தமாக் கேட்டேன். அதோட பந்தியில நல்ல அமைதி.

செல்லூர்:
எங்கம்மா தறியில நின்னே வேலை பாத்தவங்க. தறிய வித்தபிறகு எடை கூடுச்சு, முழங்கால் போச்சு. வலியால நடக்க முடியல, நடக்காததால எடை இன்னும் கூடுது. மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர் மாத்திரை கொண்டுவர்ற அக்கா சொன்னாங்க: உடம்புல 1 கிலோ குறைஞ்சா, நடக்குற ஒவ்வொரு அடியிலயும் மூட்டுக்கு 4 கிலோ பாரம் குறையுமாம். இப்ப நாற்காலியில உக்காந்தே கால நீட்டி மடக்குற பயிற்சிதான் செய்யிறாங்க.

மருந்துக்கடைக்காரர்:
யாரும் சொல்லாத ஒண்ணு, மாத்திரை. வீசிங்குக்குச் சில நாளைக்கு எழுதிக் குடுத்த ஸ்டீராய்டை, "கேட்குது"ன்னு மாசக்கணக்கா வாங்கித் தின்னவங்களப் பாத்திருக்கேன். முகம் உருண்டையாகி, வயிறு தள்ளி, கைகால் மட்டும் சூம்பியிருக்கும். பயந்துபோய் திடீர்னு நிறுத்துறதும் ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாக் குறைக்கணும். மனநல மாத்திரைகள் சிலதும், இன்சுலின் ஊசியும் எடை ஏத்தும். தைராய்டு குறைஞ்சாலும் கொஞ்சம் ஏறும்.

அண்ணா நகர் பேங்க்:
நான் குண்டே இல்ல. கைகால் குச்சி, தொப்பை மட்டும். உயரத்துக்கு எடை சரியான்னு பாக்குற பிஎம்ஐ கணக்கு 24.5, 25க்குக் கீழ இருந்தா நார்மல்னு தெம்பா இருந்தேன். வேற எதுக்கோ எடுத்த ஸ்கேன்ல கல்லீரல்ல கொழுப்பு. குடிப்பழக்கம் கிடையாது, வீட்ல நம்ப வைக்கத்தான் பாடுபட்டேன். நம்ம ஆட்களுக்கு 23லயே எச்சரிக்கை, 25 வந்தா உடல்பருமன்னே கணக்காம். ஆம்பளைக்கு இடுப்பு 90 செ.மீ., பொம்பளைக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. தோலுக்கு அடியில இருக்குறதவிட, குடலச் சுத்தி ஒளிஞ்சிருக்குற கொழுப்புதான் விஷமம்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுப் பெண்கள்ல 40.4 சதவீதம், ஆண்கள்ல 37 சதவீதம் பேர் 25ஐத் தொட்டவங்க. என்னை மாதிரி ஆளுக அந்தக் கணக்குலயே வரல.

வில்லாபுரம்:
என் பேண்ட் சைஸ் 34தான். இஞ்ச செ.மீ. ஆக்குனா 86 வருது. தப்பிச்சேனா?

அண்ணா நகர் பேங்க்:
பேண்ட்ட நம்பாதீங்க, நாமெல்லாம் தொப்பைக்குக் கீழ இறக்கித்தான் மாட்டுறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவுல டேப்பச் சுத்துங்க. மூச்ச இயல்பா விட்டுட்டுப் பாக்கணும், வயித்த எக்கக்கூடாது. 90க்கு மேல வந்தா சுகர், பிரஷர், கொழுப்பு மூணையும் ஒருதடவை பாத்துருங்க.