யார் பக்கம் நின்று படித்தேன்?

போன மாதம் முழுக்க உளவியல் திரில்லர், ஃபேண்டஸி என்று மாற்றி மாற்றி ஏழெட்டு நாவல்கள் படித்தேன். பாதி இப்போதே மறந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தில் 'அட, இவளா!' என்று வாயைப் பிளக்கவைத்தவை எல்லாம் மறுநாள் பல் தேய்த்து முடிப்பதற்குள் கரைந்துபோயின. நிற்பவை இரண்டுதான். இரண்டிலும் ரத்தம் கொஞ்சம்தான், பேயே இல்லை. (முடிச்சை அவிழ்த்துத்தான் பேசப்போகிறேன். படிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

முதலாவது டாஃப்னி டு மோரியேவின் 'ரெபெக்கா'. 1938-இல் வந்த நாவல், எனக்கு இப்போதுதான் கைக்கு வந்தது. கதை சொல்லும் பெண்ணுக்குக் கடைசிவரை பெயரே கிடையாது. தலைப்பில் இருப்பது அவள் கணவனின் இறந்துபோன முதல் மனைவியின் பெயர். அந்த மாளிகையில் இவள் எதைத் தொட்டாலும் அது ரெபெக்காவுடையது. அவளுடைய அறையை அப்படியே கலைக்காமல் காத்துவருகிறாள் வீட்டை நிர்வகிக்கும் டான்வர்ஸ். பாவம் இந்தப் பெண் என்று நானும் கூடவே குறுகிக்கொண்டு போனேன்.

அப்புறம் கணவன் சொல்கிறான், ரெபெக்காவைச் சுட்டுக் கொன்றது நான்தான் என்று. இவள் மனதில் தைப்பது அது அல்ல, அவன் ரெபெக்காவை ஒருநாளும் நேசிக்கவில்லை என்பதுதான். இவளுக்கு நிம்மதி. எனக்கும் 'அப்பாடா' என்றிருந்தது! நாலு பக்கம் தள்ளித்தான் உறைத்தது. செத்தவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள்மேல் பொறாமைப்பட்டவளும் அவளைக் கொன்றவனும் சொன்னவைதானே? எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்த பிறகும், அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்றுதான் பக்கத்தைப் புரட்டினேன். என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

ஹிட்ச்காக் 1940-இல் எடுத்த படத்தில் அந்தச் சாவு விபத்தாகிவிடுகிறது. மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் போவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் ஏற்கவில்லை. படம் பார்ப்பவர் சுத்தமான கையோடு எழுந்து போகலாம். புத்தகம் படித்தவருக்கு அந்த வசதி கிடையாது.

இரண்டாவது சுசன்னா கிளார்க்கின் 'பிரனேசி', 2020. முடிவே இல்லாத ஒரு வீடு, கூடம் கூடமாகச் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல் அலை. உலகம் தோன்றியதிலிருந்து மொத்தமே பதினைந்து மனிதர்கள்தான் இருந்திருக்கிறார்கள் என்று கணக்கு வைத்திருக்கும் ஓர் அப்பாவி அங்கே வாழ்கிறான். எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி, அதற்கு அகரவரிசை அட்டவணையும் போட்டு வைப்பவன். ஒருநாள் அந்த அட்டவணையைப் பார்த்தால், அவன் கையெழுத்திலேயே அவனுக்கு நினைவில்லாத குறிப்புகள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு என் பழைய டைரி ஒன்றைத் தேடி எடுத்தேன். பத்து வருஷத்துக்கு முந்தியது. ஒரு தோழியோடு சண்டை போட்டதை மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். சண்டையே எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் படித்து முடித்தபோது தப்பு முழுக்க அவள்மேல்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன்.

* * *

உங்க பதிவைப் படிச்சேன். கடைசித் திருப்பத்தை இப்படி மட்டம் தட்டாதீங்க. அகதா கிறிஸ்டி 1926-ல எழுதின ரோஜர் அக்ராய்ட் கதையை ரெண்டாவது தடவை படிச்சுப் பாருங்க. கதை சொல்றவர் வாசகர்கிட்ட ஒரு பொய்கூடச் சொல்லியிருக்க மாட்டார். ஒரு பத்து நிமிஷத்தை மட்டும் நைசா தாண்டிப் போயிருப்பார். இதுக்கு மேல சொல்ல மாட்டேன். எனக்கு முதல் வாசிப்பைவிட ரெண்டாவதுதான் குளிரெடுத்துச்சு.

பேய் வேணும்னா ஷிர்லி ஜாக்சனோட 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' இருக்கு, 1959. எலனோரும் தியோடோராவும் ஒரே அறையில தனித்தனிக் கட்டில்ல படுத்திருக்காங்க. இருட்டுல ஏதோ முனகல், குழந்தை அழுற சத்தம். எலனோர் பயந்துபோய்த் தியோடோரா கையை இறுக்கிப் பிடிச்சுக்கிறா. விளக்கு எரியுது. தியோடோரா அந்தப் பக்கம் அவ கட்டில்ல எழுந்து உக்காந்திருக்கா. அப்போ இவ இவ்வளவு நேரம் பிடிச்சிட்டிருந்தது யார் கை? அதைப் படிச்சப்போ என் ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கிட்டிருந்துச்சு. இழுத்துப் போர்வைக்குள்ள வெச்சவன்தான், ஒரு வாரம் வெளியே எடுக்கலை.

* * *

உங்களைப்போல ஏழெட்டு நாவல் இல்லை, நான் படித்தது ஒரே ஒரு சிறுகதை, அதையும் இரண்டு தவணையாக. சார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் 'தி யெல்லோ வால்பேப்பர்', 1892. குழந்தை பெற்றவள் ஒருத்தியை, டாக்டரான அவள் கணவனே மாடி அறையில் ஓய்வெடுக்க வைக்கிறான். எழுதக் கூடாது, யோசிக்கக் கூடாது. அவள் ஒளித்து ஒளித்து எழுதுகிறாள். சுவர்க்காகிதத்துக்குப் பின்னால் ஒரு பெண் ஊர்வது தெரிய ஆரம்பிக்கிறது.

என் பிரசவத்துக்குப் பிறகு நாலு மாதம் எனக்கும் 'ஓய்வெடு'தான். புத்தகத்தைப் பிடுங்கினார்கள், போனைப் பிடுங்கினார்கள், எல்லாம் பாசத்தோடுதான். அப்படியிருந்தும் கதையின் முதல் பாதியில் நான் அந்தக் கணவன் பக்கம்தான் இருந்தேன். எவ்வளவு அன்பாகப் பேசுகிறான்! முதல் பதிவு போட்டவர் சொன்னபோதுதான் இது எனக்கே தெரிந்தது.

கில்மனுக்கே அப்படி ஒரு சிகிச்சை நடந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்கப் பேனாவையும் தூரிகையையும் தொடாதே என்று அவரிடம் சொன்னாராம் மிட்செல் என்ற பிரபல நரம்பியல் மருத்துவர். அவருக்கே கதையின் பிரதி ஒன்றை அனுப்பிவைத்ததாகக் கில்மன் 1913-இல் எழுதியிருக்கிறார். எந்தப் பழிவாங்கும் கதையையும்விட எனக்கு அது பிடித்திருந்தது.

* * *

முதல் பதிவு போட்டவள்தான். தோழிக்கு அந்த மூன்று பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். அவளுக்குச் சண்டை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் சொல்வது முற்றிலும் வேறு கதை. அதையும் நம்பிவிட்டேன்.

ஹில் ஹவுஸ் ஆரம்பித்திருக்கிறேன். கை வரும் இடம் தாண்டியாயிற்று. விளக்கு இன்னும் எரிகிறது.